குருதிப் புரதக் குறைவும் உடல் வீக்கமும்



மருத்துவப் பொருள் ஒன்றைப் பொதுமக்களுக்கும் விளங்கும் தமிழில் பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் நோக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது வீக்கம். எல்லா வீக்கத்தையும் பேசப் போவதில்லை. ரத்தத்தில் புரதம் குறைந்தவர்களுக்கு வரும் வீக்கத்தை மட்டும் பேசப் போகிறேன். காலையில் எழும்போது கண் இமைகள் உப்பியிருக்கும். பொழுது சாயும்போது கணுக்கால் கனத்துவிடும். விரலால் அழுத்தினால் குழி விழும். அது நிரம்ப நேரம் எடுக்கும். "உடம்பில் நீர் கோத்திருக்கிறது" என்று வீட்டில் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் அறிக்கையில் ஆல்புமின் 2.1 என்று இருக்கும். "புரதம் கம்மியா இருக்கும்மா" என்பார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரும் குடும்பம், பல சமயம் நேரே மருந்துக்கடைக்குப் போய்ப் புரதப் பவுடர் டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறது.

அந்த டப்பாவைப் பற்றி எனக்கு நெடுநாளாக வருத்தம் உண்டு. புரதம் குறைந்திருப்பது தெரிந்த பிறகுதான் விசாரணையே தொடங்க வேண்டும். கல்லீரல் புரதம் செய்யவில்லையா? செய்த புரதத்தைச் சிறுநீரகம் கசியவிடுகிறதா? குடல் வழியாகப் போகிறதா? உடம்பில் எங்காவது ஒரு தொற்று இருந்துகொண்டு அளவை இறக்குகிறதா? அல்லது உண்மையிலேயே சாப்பாடு போதவில்லையா? இந்த ஐந்தில் கடைசியான ஒன்றுக்குத்தான் டப்பா ஓரளவாவது பொருந்தும். அங்கும் முதல் வாரத்தில் அது கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கினால் மிஞ்சும் இளமஞ்சள் நீர்மம் பிளாஸ்மா. அதன் ஒவ்வொரு 100 மில்லியிலும் 6 முதல் 8 கிராம் புரதம் கரைந்திருக்கிறது. பாதிக்கு மேல் ஆல்புமின். நல்ல உடம்பில் அது 3.5 முதல் 5 கிராம் வரை. கல்லீரலைத் தவிர வேறு எந்த உறுப்பும் அதைச் செய்வதில்லை. ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம் வரை செய்கிறது. செய்து அனுப்பிய ஆல்புமினில் பாதி அழிய ஏறத்தாழ 3 வாரம் ஆகும். மாணவர்கள் இந்த 3 வாரக் கணக்கை மனத்தில் வைக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருடைய ஆல்புமின் 2 நாளில் 4-லிருந்து 2.5-க்கு இறங்கினால், அவர் 2 நாள் சாப்பிடாததால் அது நடக்கவில்லை. தொற்றின் வேகத்தில் ரத்தக்குழாய்ச் சுவர் இளகி ஆல்புமின் வெளியே கசிந்திருக்கும். அல்லது நாம் ஏற்றிய குளுக்கோஸும் சலைனும் ரத்தத்தை நீர்க்கச் செய்திருக்கும். அந்தச் சமயத்தில் ஆல்புமின் குறைவது நோயின் கடுமைக்கு அடையாளம். அதைப் பட்டினியின் அளவுகோலாகப் படிப்பது தவறு. ஆனாலும் இன்றும் பலர் அப்படித்தான் படிக்கிறார்கள்.

புரதத்துக்கும் வீக்கத்துக்கும் உள்ள உறவை முதலில் கணக்காகச் சொன்னவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் இருந்த இளம் உடலியல் அறிஞர். 1896-இல் அவர் செய்த சோதனை எளிமையானது. நாயின் பின்னங்கால் திசுக்களுக்குள் உப்புக் கரைசலைச் செலுத்தினார். அதைக் காலில் ஓடிய ரத்தம் உள்ளே இழுத்துக்கொண்டது. புரதம் நிறைந்த சீரத்தைச் செலுத்தியபோது அப்படி இழுக்கவில்லை. ரத்தக்குழாய்க்கு உள்ளே புரதம் மிகுதி, வெளியே குறைவு என்ற ஏற்றத்தாழ்வுதான் நீரை உள்ளே பிடித்து வைக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். பாயசத்துக்கு ஊறவைத்த உலர்திராட்சை உப்புவதும் இதே இயல்பினால்தான்: தோலைக் கடக்க முடியாத சர்க்கரை உள்ளே இருக்கிறது, கடக்கக்கூடிய நீர் அதை நாடிப் போகிறது. நம் உடம்பில் அந்த இழுவிசை சுமார் 25 மில்லிமீட்டர் பாதரச அளவு. அதில் முக்கால் பங்கு ஆல்புமினுடையது. இதயம் தள்ளும் அழுத்தம் நீரை நுண்குழாய்க்கு வெளியே தள்ளுகிறது. ஆல்புமின் உள்ளே இழுக்கிறது. வெளியேறிய மிச்சத்தை நிணநீர்க் குழாய்கள் திரட்டி மறுபடி ரத்தத்தில் சேர்க்கின்றன. நுண்குழாயின் சிரைப்பக்க முனையில் பெரும்பகுதி நீர் நேராக உள்ளே திரும்பிவிடும் என்று நாங்கள் படித்த பாடநூல்கள் சொல்லின. பெரும்பாலான திசுக்களில் அப்படித் திரும்புவதில்லை, நிணநீரே அந்த வேலையைச் செய்கிறது என்பது இன்றைய திருத்தம். லெவிக், மிச்செல் இருவரும் 2010-இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக விளக்குகிறது.

ஆல்புமின் 2.5-க்குக் கீழே போனால் வீக்கத்தை எதிர்பார்க்கலாம் என்பது படுக்கையருகே நாங்கள் கைக்கொள்ளும் கணக்கு. இங்கே ஒரு செய்தி. வயது வந்த ஒருவரின் காலில் விரல் குழி விழும் அளவுக்கு வீக்கம் தெரிய வேண்டுமானால், ஏற்கனவே 2 முதல் 3 லிட்டர் நீர் உடம்பில் சேர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே எடை காட்டும் கருவி அதைச் சொல்லிவிடும். ஆகவே வீக்க நோயாளி வீட்டில் ஒரு எடைக் கருவி இருப்பது எந்த டானிக்கையும்விட மேல்.

சிறுநீரகத்துக்கு வருகிறேன். ஸ்டார்லிங் வேலை பார்த்த அதே கைஸ் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு முன் ரிச்சர்ட் பிரைட் இருந்தார். உடம்பெல்லாம் வீங்கி வந்தவர்களின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். சிலருடைய சிறுநீர் முட்டை வெள்ளைக்கரு போல உறைந்தது. அவர்கள் இறந்த பிறகு உடலைத் திறந்து பார்த்தபோது சிறுநீரகங்கள் கெட்டிருந்தன. வீக்கம், உறையும் சிறுநீர், கெட்ட சிறுநீரகம் மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்று அவர் 1827-இல் வெளியிட்ட நூல் நிறுவியது. அவருக்கும் முன்னால், நேப்பிள்ஸ் நகரின் கொட்டூனியோ, வீங்கிய படைவீரன் ஒருவனின் சிறுநீரைச் சூடாக்கி அது உறைவதை 1764-இல் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அதைச் சிறுநீரகத்தோடு சேர்த்துப் பார்த்தது பிரைட்தான். ஒரு கரண்டியும் ஒரு சுடரும் கொண்டு செய்த அந்தச் சோதனை இன்றைக்கும் பொய்க்கவில்லை.

இன்றைக்கும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்ற நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 2 முதல் 6 வயதுக்குள் வரும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. காலையில் முகம் உப்பியிருக்கும். "சளி பிடிச்சிருக்கு", "பூச்சி கடிச்சிருக்கும்", "அலர்ஜி" என்று ஒரு வாரம் போகும். அதற்குள் வயிறு உயர்ந்துவிடும், விதைப்பை வீங்கிவிடும், சிறுநீர் குறைந்து நுரைத்துப் போகும். சிறுநீரகத்தின் வடிகட்டியில் உள்ள செல்களின் நுண்ணிய கால்போன்ற நீட்சிகள் தட்டையாகி, ஆல்புமின் வெளியே போகிறது. சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் திசு கெட்டதாகவே தெரியாது. மின்னணு நுண்ணோக்கி வந்த பிறகுதான் அந்த மாற்றம் தெரிந்தது. இவர்களில் பெரும்பாலானோர், 10-இல் 8 பேருக்கு மேல், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்குக் கட்டுப்படுகிறார்கள். 6 வாரம் தினமும், அடுத்த 6 வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று கொடுக்கிறோம். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் பாதியில் நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. இந்த நோயில் பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து.

ஆனால் நோய் திரும்பும். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒரு முறையாவது திரும்பும். அதனால் பெற்றோருக்கே சோதனையைச் சொல்லிக் கொடுக்கிறோம். காலை முதல் சிறுநீரைச் சோதனைக் குழாயில் முக்கால் பங்கு எடுத்து, மேல் பகுதியை மட்டும் சுடரில் காட்ட வேண்டும். கலங்கினால் நீர்த்த அசிட்டிக் அமிலம் சில துளி. கலங்கல் மறைந்தால் அது பாஸ்பேட். மறையாமல் நின்றால் புரதம். வசதி உள்ளவர்கள் நிறம் மாறும் பட்டையால் பார்க்கிறார்கள். நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைப்பார்கள். தொடர்ந்து 3 நாள் மூன்று பிளஸ் அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள். முகம் வீங்கும் முன்பே அவர்கள் எங்களிடம் வந்துவிடுவார்கள். எழுத்து அதிகம் பழகாத அம்மாக்கள் வைத்திருந்த நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன்: கோடு, வட்டம், புள்ளி என்று தாங்களே ஒரு முறை வகுத்துக்கொண்டு ஒரு நாளும் தவறாமல் எழுதியிருப்பார்கள். மருத்துவப் பதிவேடுகளில் நான் மிகவும் மதிப்பது அவற்றைத்தான்.

பெரியவர்களில் சிறுநீர் வழியே நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் போனால் அதற்கும் நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்றே பெயர். இங்கே பெருங்காரணம் நீரிழிவு. அடுத்து, நம் உடலின் எதிர்ப்பொருளே வடிகட்டியைத் தாக்கும் மெம்பரனஸ் என்ற வகை. இதில் ஒரு பிரிவைப் பற்றி அண்மை ஆண்டுகளில் கேரளத்திலும் சென்னையிலும் உள்ள மருத்துவர்கள் எழுதியிருப்பதை எல்லோரும் அறிய வேண்டும். முகம் வெளுக்கப் பூசும் சில கிரீம்களையும் சில நாட்டு மருந்துகளையும் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் கசிந்து உடம்பு வீங்கியது. அவற்றில் பாதரசம் இருந்தது. நிறுத்திய பிறகு பலர் தேறினார்கள். ஒரு பெண்ணின் கால் வீக்கத்துக்கு அவள் அலமாரியில் உள்ள கிரீம் காரணமாக இருக்கலாம் என்றால், நாம் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியல் நீள வேண்டும்.

கசிந்து போவது ஆல்புமின் மட்டும் என்றால் பாதி தொல்லைதான். ரத்தம் உறையாமல் காக்கும் புரதங்களும் அதோடு போகின்றன. அதனால் காலின் ஆழ்சிரையிலும் சிறுநீரகச் சிரையிலும் ரத்தம் கட்டிக்கொள்கிறது. ஒரு கால் மட்டும் திடீரென்று கூடுதலாக வீங்கி வலித்தால் அன்றே பார்க்க வேண்டும். நோய் எதிர்ப்புக் குளோபுலின் போய்விடுவதால் வயிற்றில் சேர்ந்த நீரில் நிமோனியாக் கிருமி வளர்கிறது. காய்ச்சலும் வயிற்று வலியும் உள்ள நெஃப்ராடிக் குழந்தையை 'சூட்டு வலி' என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வைட்டமின் டி-யைச் சுமக்கும் புரதம் போகிறது. இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் முனையும்போது கொழுப்புப் புரதங்களும் கூடுதலாகி, எண்ணெயே தொடாத குழந்தைக்குக் கொலஸ்டிரால் 400-ஐத் தாண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டே ரத்தத்தில் பயணிக்கும் மருந்து. ஆல்புமின் குறைந்தவருக்கு மொத்த அளவு சரியாகத் தெரியும்போதே ஒட்டாத பகுதி நச்சளவை எட்டியிருக்கலாம். இன்னும் ஒன்று: நகத்தில் குறுக்காக இரட்டை வெண்கோடு. மியூர்க்கே என்பவர் 1956-இல் விவரித்தார். ஆல்புமின் ஏறினால் அந்தக் கோடுகள் மறையும்.

இதுவரை ஸ்டார்லிங்கின் கணக்கு நன்றாகப் பொருந்துகிறது. இனி பொருந்தாத இடங்களைச் சொல்ல வேண்டும். எனக்கு இந்தப் பொருளில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

1954-இல் ஜெர்மனியில் பென்ஹோல்டும் உடன் பணியாற்றியோரும் உடன்பிறந்த இருவரைப் பற்றி எழுதினார்கள். பிறவியிலேயே அவர்கள் ரத்தத்தில் ஆல்புமின் அநேகமாக இல்லை. ஸ்டார்லிங்கின் கணக்கை மட்டும் நம்பினால் அவர்கள் நீரில் மூழ்கியவர்கள் போல வீங்கியிருக்க வேண்டும். லேசான கால் வீக்கம் தவிர பெரிதாக ஒன்றும் இல்லை. மற்ற புரதங்கள் கூடி, நிணநீர் ஓட்டம் கூடி, உடல் தன்னைச் சரிசெய்துகொண்டிருந்தது. பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் குறை அது. ஆனாலும் ஆல்புமின் ஒன்றே எல்லாம் என்று நினைக்க முடியாது என்று அந்த இரண்டு பேரும் காட்டிவிட்டார்கள்.

அடுத்த சான்று நம் வார்டிலேயே இருக்கிறது. நெஃப்ராடிக் குழந்தைக்கு ஸ்டீராய்டு தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில் ஒரு காலை திடீரென்று சிறுநீர் பெருகும். முகம் வடியும். அன்று ஆல்புமினைப் பார்த்தால் இன்னும் குறைவாகவே இருக்கும்! புரதம் ஏறுவதற்கு முன்னால் நீர் இறங்குகிறது. ஏன்? 1983-இல் இச்சிகாவா குழுவினர் எலிகளில் ஒரு சிறுநீரகத்தை மட்டும் கெடுத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் போகும் ரத்தம் ஒன்றே, அதில் உள்ள ஆல்புமினும் ஒன்றே. ஆனால் கெட்ட சிறுநீரகம் மட்டும் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டது. நல்லது எப்போதும்போல வெளியேற்றியது. அதாவது, கசியும் சிறுநீரகம் தானாகவே உப்பைத் தக்கவைக்கிறது. புரதக் குறைவு நீரைத் திசுக்களுக்குள் விடுகிறது. உப்பு அந்த நீரை உடம்பிலேயே நிறுத்துகிறது. எந்த நோயாளியில் எது மேலோங்கி இருக்கிறது என்பதுதான் மருத்துவர் தீர்மானிக்க வேண்டியது. ரத்தக்குழாய் வறண்டிருக்கும் குழந்தைக்கு நீர் பிரியும் மாத்திரையைத் தாராளமாகக் கொடுத்தால் ரத்தம் மேலும் கெட்டிப்பட்டு உறைந்துவிடும். உப்புத் தங்கி நிரம்பியிருப்பவருக்கு அதே மாத்திரைதான் நிவாரணம்.

உப்பின் கணக்கு எளிது. நம் உடல் திரவத்தில் 1 லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பு. ஆகவே 9 கிராம் உப்பு வெளியேறாமல் நின்றால் 1 லிட்டர் நீரும் நிற்கும். 9 கிராம் என்பது ஒன்றரை தேக்கரண்டிதான். கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், பாக்கெட் சிப்ஸ் என்று ஒரு நாள் சாப்பாட்டிலேயே அது வந்துவிடும். "உப்பைக் குறைங்க" என்று சொன்னால் சோற்றில் போடும் உப்பை மட்டும் குறைத்துவிட்டு ஊறுகாயைத் தொடர்வார்கள். பொருள்களைப் பெயர் சொல்லித்தான் தவிர்க்கச் சொல்ல வேண்டும்.

புரதத்தின் கணக்கு வேறு. சிறுநீரில் 8 கிராம் போகிறது, ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, கூட இரண்டு முட்டை தின்றால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. புரதத்தை அளவுக்கு மேல் ஊட்டினால் சிறுநீரில் கசிவதும் கூடுகிறது. ரத்த ஆல்புமின் ஏறுவதில்லை. வயதுக்கு உரிய இயல்பான அளவு பருப்பும் முட்டையும் பாலும் போதும். ஊசி வழியாக ஏற்றும் ஆல்புமினும் நெஃப்ராடிக் நோயில் ஓரிரு நாளில் சிறுநீரிலேயே போய்விடும். அடங்காத வீக்கத்திலும் ரத்தக்குழாய் வறண்ட நிலையிலும் சில மணி நேரம் கைகொடுக்கவே அதை ஏற்றுகிறோம்.

ஆல்புமின் பாட்டிலைப் பற்றிக் கல்லீரல் நோயோடு சேர்த்துப் பேச வேண்டும். குடியினாலோ, மஞ்சள் காமாலைக் கிருமிகளினாலோ, கொழுப்புப் படிவினாலோ கல்லீரல் சுருங்கி இறுகிவிட்டால் ஆல்புமின் உற்பத்தி குறைகிறது. கூடவே குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்துதான் வயிற்றில் நீர். மகோதரம் என்று நம் முன்னோர் குறித்த பெருவயிறு இதுதான். ஆல்புமின் குறைந்ததால்தானே நீர், ஏற்றிவிட்டால் வற்றிவிடும் அல்லவா என்று எந்தக் குடும்பமும் கேட்கும். பிரிட்டனில் நடந்து 2021-இல் வெளியான அட்டையர் ஆய்வு இதை நேராகச் சோதித்தது. கல்லீரல் முற்றிக் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 777 பேரில் ஒரு பகுதியினருக்கு, ஆல்புமின் 3 கிராமைத் தொடும்வரை தினமும் ஏற்றினார்கள். தொற்றோ சிறுநீரகச் செயலிழப்போ மரணமோ குறையவில்லை. நுரையீரலில் நீர் சேர்ந்தவர்கள்தான் அதிகமானார்கள்.

ஆனால் அதே பாட்டில் உயிர் காக்கும் இடங்கள் இருக்கின்றன. வயிற்றிலிருந்து ஒரே அமர்வில் 5 லிட்டருக்கு மேல் நீர் எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் ஆல்புமின் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ரத்த ஓட்டம் சரிந்து சிறுநீரகம் நிற்கும். வயிற்று நீரில் கிருமி வளர்ந்தால் நுண்ணுயிர்க் கொல்லியோடு ஆல்புமினும் தர வேண்டும். 20 கிராம் கொண்ட ஒரு பாட்டில் பல ஆயிரம் ரூபாய். நகையை அடகு வைத்து வாங்கி வருகிறார்கள். வாங்கச் சொல்லும் முன்பு எதற்காக ஏற்றுகிறோம் என்று மருத்துவர் தாளில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'ஆல்புமின் 2.1' என்பதை மட்டும் காரணமாக எழுதக் கூடாது.

குடல் வழி இழப்பு அரிது என்பதால் விரைந்து கடக்கிறேன். வயிற்றுக் காசநோய், குடல் நிணநீர்க் குழாய்கள் விரிந்துபோதல், கொக்கிப் புழு மிகுந்துபோதல் ஆகியவை இதில் அடங்கும். சிறுநீரில் புரதம் இல்லை, கல்லீரலும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஆல்புமின் 2 என்றால் மலத்தையும் குடலையும் நோக்கித் திரும்ப வேண்டும். புரதக் குறைவே இல்லாமல் வீங்குவோர்தான் உண்மையில் மிகுதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதயம் தளர்ந்தவர்கள், யானைக்கால் நோயாளிகள் (அவர்களுக்கு நாளடைவில் குழி விழாது), வைட்டமின் பி1 குறைந்து பெரிபெரி வந்தவர்கள், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுவோர். இந்தக் கடைசிக் கூட்டம் நம் ஊரில் பெரிது. மாத்திரையை மாற்றினாலே கால் வடிந்துவிடும். கருவுற்ற பெண்ணின் முகமும் கையும் வீங்கினால் அன்றே ரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் பார்த்தாக வேண்டும். அதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இனி பசி.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிகளின் பாட்டிகள் பார்த்தார்கள். அப்போது நிவாரண முகாம்களில் வந்து விழுந்தவர்களின் உடல்களை ஆராய்ந்த அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற ராணுவ மருத்துவர் 1889-இல் அந்தப் பஞ்ச நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களுக்குப் பக்கத்திலேயே உடம்பு வீங்கிக் கிடந்தவர்களும் இருந்தார்கள். பசி ஒன்றே, ஒருவர் வற்றுகிறார், ஒருவர் வீங்குகிறார். இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் இன்னமும் முழு விடை சொல்லவில்லை.

1930-களில் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட், அதாவது இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் மக்காச்சோளக் கஞ்சியை மட்டும் உண்டு வளர்ந்த சவலைப் பிள்ளைகளைப் பார்த்தார். வீங்கிய கால், உரியும் தோல், நிறம் வெளுத்த முடி, எதிலும் நாட்டமில்லாத முகம். 1933-இல் எழுதினார், 1935-இல் அங்கே மக்கள் வழங்கிய குவாஷியார்கர் என்ற பெயரையே நோய்க்குப் பெயராக்கினார். மக்காச்சோளத்தில் புரதம் குறைவு, ரத்தத்திலும் புரதம் குறைவு, ஆகவே புரதப் பஞ்சமே நோய் என்று உலகம் முடிவு கட்டியது. 1950-களிலும் 60-களிலும் மீன் மாவு, சோயா மாவு, பால் பவுடர் என்று பெரும் திட்டங்கள் எழுந்தன.

அந்த முடிவை முதலில் அசைத்தவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். ராபர்ட் மக்காரிசன் குன்னூரில் தொடங்கிய ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது; இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். அங்கே இருந்த கோபாலன் ஏழைக் குழந்தைகளின் உணவைத் தொடர்ந்து அளந்து பார்த்தார். வற்றிப்போகும் மராஸ்மஸ் வந்த குழந்தைகளும் வீங்கிப்போகும் குவாஷியார்கர் வந்த குழந்தைகளும் நோய் வருமுன் உண்ட உணவில் வேறுபாடே இல்லை. இருவரும் ஒரே மாதிரி உணவை ஒரே மாதிரி குறைவாக உண்டார்கள். புரதம் மட்டும் குறையவில்லை; சோறே போதவில்லை. வற்றும் குழந்தையின் உடல் தன் தசையைக் கரைத்துக் கல்லீரலுக்குப் புரதக் கூறுகளை அனுப்பி ஆல்புமினைக் காத்துக்கொள்கிறது. வீங்கும் குழந்தையின் உடல் அந்த இசைவை இழந்துவிடுகிறது என்று 1968-இல் எழுதினார். நம் மண்ணில் பிறந்த இந்தச் சிந்தனையை நம் மாணவர்கள் மேலை நாட்டு நூல்களின் அடிக்குறிப்பில் சந்திப்பது எனக்கு வருத்தம். கோபாலன் 2019-இல், 100 வயதில் மறைந்தார்.

பிறகு ஜமைக்காவில் மைக்கேல் கோல்டனும் உடன் பணியாற்றியோரும் 1980-இல் இன்னொன்றைக் காட்டினார்கள். சிகிச்சையில் குழந்தைகளின் வீக்கம் வடிந்தபோது அவர்கள் ரத்த ஆல்புமின் மாறவே இல்லை. 1974-இலேயே டொனால்ட் மெக்லாரன் புரதத் திட்டங்களைப் பெருந்தோல்வி என்று லான்செட் இதழில் எழுதியிருந்தார். 2013-இல் வெளியான மலாவி நாட்டு ஆய்வு 317 இரட்டையர் ஜோடிகளைத் தொடர்ந்து பார்த்தது. ஒரே வீடு, ஒரே சோறு. சில ஜோடிகளில் ஒரு குழந்தைக்கு மட்டும் குவாஷியார்கர். குடல் நுண்ணுயிர்களின் வேறுபாடு ஒரு காரணம் என்று அந்த ஆய்வு சொல்கிறது. அதுவே முழுக் காரணம் என்று சொல்லவில்லை.

காரணம் முழுதும் தெரியாவிட்டாலும் சிகிச்சை முறை இன்று தெளிவாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த முதல் கட்ட உணவான எஃப்-75, 100 மில்லிக்கு 75 கலோரி; புரதம் 1 கிராமுக்கும் குறைவு. புரதம் குறைந்த குழந்தைக்குக் குறைந்த புரதமா என்று செவிலியர் பயிற்சியில் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். அந்த நிலையில் கல்லீரலும் சிறுநீரகமும் இதயமும் மிகவும் தளர்ந்திருக்கும். புரதத்தைத் திணித்தால் தாங்காது. சூடு, சர்க்கரை அளவு, தொற்று, பொட்டாசியம், மக்னீசியம் இவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். இரும்புச்சத்து டானிக்கும் முதல் வாரம் கூடாது. நீர் பிரியும் மருந்து எந்த நிலையிலும் கூடாது. இந்த வீக்கத்துக்கு அதைக் கொடுத்தால் குழந்தை இறந்துபோகலாம். பசி திரும்பி, வீக்கம் வடியத் தொடங்கிய பிறகே எஃப்-100. அதில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 3 கிராம் புரதம்.

வார்டில் பணியாற்றப் போகும் இளம் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிகிச்சை தொடங்கிய முதல் நாட்களில் நீர் வடிவதால் இந்தக் குழந்தையின் எடை குறையும். 9 கிலோவோடு வந்த பிள்ளை 8 கிலோ ஆகிவிட்டது, உப்பியிருந்த கன்னம் ஒட்டிவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளை இளைத்துவிட்டது என்று தாய் நினைப்பாள். இரவோடு இரவாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். சேர்க்கும் அன்றைக்கே, எடை எடுக்கும்போதே, அவளிடம் சொல்லிவிடுங்கள்: "இது தண்ணி கனம்மா. முதல்ல தண்ணி வடியும், எடை இறங்கும். அப்புறம்தான் சதை வைக்கும்." அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தால் இரண்டாவது வாரம்வரை இருப்பாள், எஃப்-100 தொடங்குவதும் எடை ஏறுவதும் அப்போதுதான்.